மஞ்சள் பூசிய கொண்டைகள்

ஆனி மாதக் கடைசி நாள் தேதியிட்டு, மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டப்பட்ட அறிவிப்பின் கடைசிப் பத்தி இது: "மொட்டை மாடியில் கோழிக் கூண்டு வைத்துக்கொள்ள முதல் மாடிக் குடும்பத்தாருக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது. நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும். பெட்டைகள் மட்டுமே. சேவல் இருப்பது தெரியவந்தால் கூண்டு முழுவதும் அகற்றப்படும்." மற்ற பத்திகள் மழைநீர்த் தொட்டியையும் வண்டி நிறுத்துவதையும் பற்றியவை. இப்படிப்பட்ட அறிவிப்புகளைப் படம் எடுத்துத் தேதிவாரியாக வைத்துக்கொள்வது என் வழக்கம் என்பதால் வாசகம் பிசகாமல் தர முடிகிறது.

முதல் மாடிக் குடும்பத்தார் என்பது நாங்கள். நான், என் மனைவி, அவள் தம்பி. பலகையைப் படித்துவிட்டு மேலே வந்த மனைவி, "முழுசும்னு போட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் ஏன் உறைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

என் மச்சினன் நாற்பதைத் தாண்டியவன். திருமணம் செய்துகொள்ளவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தான். ஆட்களைக் குறைத்தபோது அவனையும் அனுப்பிவிட்டார்கள். பிறகு போன இடங்களில் நிலைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து பின்னறையில் தங்கினான். முதலில் தாமதமாக எழுந்தான். பிறகு சாப்பிட மட்டும் எழுந்தான். பிறகு அதற்கும் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. அறையின் திரைச்சீலை பகலிலும் மூடியே இருந்தது. நந்தனத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். மாத்திரை தந்தார், பொறுமையாக இருக்கச் சொன்னார். முந்தைய ஆண்டு ஒரு நாள் சோப்பு வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனவன் மறுநாள் மதியம்தான் திரும்பினான். பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்திருந்தானாம். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனைத் தனியாக வெளியே விடவில்லை. அவனும் கேட்கவில்லை.

அப்படி இருந்தவன் வைகாசியில் ஒரு காலை சமையலறை வாசலில் வந்து நின்று, "அக்கா, கோழி வளக்கலாமா?" என்றான்.

வெகுகாலத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் விருப்பம் அது. ஏன் கோழி என்று கேட்க எங்கள் இருவருக்குமே துணிச்சல் இல்லை. அந்த வாரமே மூவரும் ஆட்டோவில் திருவான்மியூர் போனோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், வீட்டுக் கொல்லையில் சிறுவிடைக் கோழி வளர்ப்பவர் ஒருவர் இருந்தார். சிறுவிடை என்பது நம் பக்கத்து நாட்டுக்கோழியில் சிறிய இனம். கொஞ்சம் இடமும் கொஞ்சம் தீனியும் போதும். முந்தின நாள் பொரித்த குஞ்சுகளைக் கூடையில் காட்டினார்.

"பொட்டையா பாத்துக் குடுங்க" என்றாள் மனைவி.

"இந்த வயசுல எவனாலயும் சொல்ல முடியாதும்மா. கலந்துதான் குடுப்பேன். ஆறு எடுத்துட்டுப் போறீங்க, ஆறும் சேவலாக் கூவுனாலும் என்னை வந்து கேக்கக் கூடாது."

அட்டைப் பெட்டியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, ஆறையும் பின்னறையில் வைத்தோம். குஞ்சுகளுக்குக் காற்று வேண்டும் என்பதால் திரைச்சீலை விலகியது. தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதால் அவன் விடிவதற்குள் எழுந்தான். கடையில் குருணை தீர்ந்துவிடும் என்று என்னை அவசரப்படுத்தினான். ஒரு காலை முகச்சவரம் செய்துகொண்டு வந்து உட்கார்ந்தபோது, மனைவி அவனைப் பார்க்காததுபோல இட்லியை எடுத்துவைத்தாள்.

அந்த வாரத்திலேயே நான் கோழி வளர்ப்பு பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். குஞ்சின் சிறகை விரித்து இறகுகளின் நீளத்தைப் பார்த்து ஆண் பெண் பிரிக்கலாம் என்று கண்டு, ஆறையும் பார்த்து நாலு பெட்டை, இரண்டு சேவல் என்று முடிவு கட்டினேன். அடுத்த பக்கத்தில், இதற்கென்றே பெற்றோரைத் தேர்ந்து வளர்த்த பண்ணை இனங்களுக்குத்தான் இந்த முறை செல்லும், நாட்டுக்கோழிக்குச் செல்லாது என்று இருந்தது. மனைவி தன் ஊர்ப்பக்க முறைப்படி குஞ்சைப் பின்கழுத்தில் பிடித்துத் தூக்கினாள். கால்களை மடக்கினால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல். ஒரே குஞ்சு காலையில் மடக்கியது, மாலையில் தொங்கவிட்டது.

"அதுக்கே இன்னும் முடிவு ஆகலக்கா" என்றான் தம்பி. அது வேடிக்கைப் பேச்சு என்பது எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

குஞ்சுகள் வளர்ந்து அறை நாறத் தொடங்கியதும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். மாடிக்குச் சரியாகக் கீழே குடியிருப்பவர் எங்கள் சங்கத்தின் செயலர். அறுபது வயதைக் கடந்த சங்கீத ஆசிரியை. விடியற்காலையில் கணினி முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தருபவர். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மாமி. கூண்டைப் பார்த்த அன்றே எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"எனக்குக் கோழி மேல கோபம் ஒண்ணும் கெடயாது சார். சாப்பிடறவாளுக்கும் அதுகளுக்கும்தான் வழக்கு. ஆனா நியூ ஜெர்சில ஒரு பொண்ணு ஷட்ஜத்தைப் பிடிச்சுண்டு நிக்கறச்சே மேலேர்ந்து கொக்கரக்கோன்னா நான் என்ன பண்றது?"

"எல்லாம் பொட்டைதான் மாமி" என்றாள் மனைவி.

"அப்ப எழுதிப் போட்டுடலாமோல்லியோ?" என்றார் மாமி. எழுதிப் போட்டுவிட்டார். ஆவணி பிறந்ததும் மேலே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

நான் அப்போது பெரிதாகக் கவலைப்படவில்லை. ஆறு வாரத்துக்கு மேல் கொண்டை காட்டிக்கொடுத்துவிடும் என்று படித்திருந்தேன். திருவான்மியூர்க்காரரும் அதையே சொல்லியிருந்தார். சேவல் குஞ்சின் கொண்டை முந்தி எழும்பும், சிவக்கும். பெட்டையினுடையது வெளிறிச் சின்னதாக இருக்கும். ஆடி முதல் பாதியில் தெரிந்துவிடும், சேவல்களை அப்போதே கொடுத்துவிடலாம், மாமி வரும்போது பெட்டைகள் மட்டும் இருக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆடி பிறந்த முதல் வாரத்தில் மாடிப்படி பெருக்க வரும் அம்மா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், கோயி மூஞ்சில மருவு மருவா கீது?"

மூன்று குஞ்சுகளின் கண்ணோரத்திலும் அலகடியிலும் சிறு கொப்புளங்கள். ஒன்றுக்கு ஒரு கண் பாதி மூடியிருந்தது.

"அம்மா வந்துகீது சார். ஆடி மாசம் வேற. மஞ்சா வேப்பல அரச்சிப் பூசு. ஊட்ல கறி கிறி ஆக்காதீங்கோ."

கால்நடை மருத்துவரிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினோம். கோழி அம்மைதான், கொசுவால் பரவுவது, இதற்கென்று மருந்து இல்லை, வலை கட்டுங்கள், மஞ்சளும் வேப்பிலையும் பூசுவதில் தப்பில்லை என்றார். மருத்துவரும் துப்புரவு அம்மாவும் ஒரே வைத்தியத்தைச் சொன்னதில் என் மனைவிக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. அம்மியில் விழுதாக அரைத்து, நோய் வந்த மூன்றுக்கும் வராத மூன்றுக்கும், கொண்டையிலிருந்து கழுத்து வரை அப்பினாள். மாடிக் கதவில் வேப்பிலைக் கொத்து கட்டினாள். வீட்டில் மீன்கூட நின்றது. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றும்வரை பூசியதைக் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது. காய்ந்தால் அதன் மேலேயே பூச வேண்டும்.

சில நாள் கழித்துத்தான் நாங்கள் செய்துவைத்தது எனக்கு விளங்கியது. கொண்டை சிவக்கிறதா என்று பார்க்க வேண்டிய அந்த வாரங்களில் ஆறு தலையும் ஒரே மஞ்சள் கட்டியாக இருந்தன.

"ஓரமா கொஞ்சம் தொடச்சுப் பாத்துட்டுத் திரும்பப் பூசிடலாமே" என்றேன்.

"அம்மா எறங்காம தொடைக்கறதா? நீங்க பேசாம இருங்க."

"மாமி வந்து பாக்கறப்ப சேவல் இருந்தா?"

"செத்துட்டா மட்டும் கூண்டு இருக்குமா?"

தம்பி கூண்டருகே குந்தியிருந்தான். எங்கள் இரண்டு பேர் பேச்சும் அவனைப் பற்றியதுதான் என்று அவனுக்குத் தெரியும். "உசுரு இருக்கட்டும் மாமா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றான். கண் மூடிய குஞ்சை மடியில் வைத்து, விரல் நுனியில் குருணைக் கூழை எடுத்து அலகில் தடவிக்கொண்டிருந்தான். அது அவன் விரலிலிருந்து மட்டும்தான் தின்றது.

துப்புரவு அம்மா தினமும் எட்டிப் பார்ப்பார். "இன்னா நைனா, எல்லாத்துக்கும் நலங்கு வெச்சிகினு கீற? எப்போ கல்யாணம்?" அவன் சிரிப்பான்.

மாமியும் ஒருநாள், சொன்ன நாளுக்கு முன்பே, மாடிக் கதவுவரை வந்தார். வேப்பிலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார். "ஆடி போகட்டும். அம்பாள் இருக்கற எடத்துக்கு நான் சோதனை போட வர மாட்டேன்." நோய் எங்களுக்குக் கால அவகாசம் தந்தது. அந்த அவகாசத்தில் பார்க்க வேண்டியதை நோயே மறைத்தும் வைத்தது.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில் ஆடி முழுக்க விடியலுக்கு முன்பே ஒலிபெருக்கி அலறத் தொடங்கிவிடும். மாமி தன் வகுப்பையே பகலுக்கு மாற்றிவைத்திருந்தார். அந்தப் பாட்டுகளுக்கு நடுவே மேலே ஒரு சேவல் தொண்டையைத் தீட்டிப் பார்த்திருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. நான் சில காலைகளில் மாடியில் போய் நின்று காது கொடுத்துப் பார்த்தேன். உடுக்கைச் சத்தம்தான் கேட்டது. ஆடி முடிந்து ஒலிபெருக்கி அடங்கும் முதல் காலைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மச்சினன் அப்போது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நந்தனத்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்திருந்தார். மனைவி அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் ஒருமுறைதான் சொன்னாள்.

ஆடியின் கடைசி வெள்ளிக்குள் கொப்புளங்கள் காய்ந்து பொருக்காயின. ஆறும் பிழைத்தன. ஒன்றுக்கு ஒரு கண் போயிற்று. மனைவி வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தெளித்து, ஈரத் துணியால் ஒவ்வொன்றின் தலையையும் துடைத்தாள். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். மஞ்சள் கரைந்து முதல் கொண்டை வெளியே வந்தது. சின்னது, வெளிறியது. இரண்டாவதும் அப்படியே. நாலு பெட்டைகள், சந்தேகமில்லை. ஐந்தாவது துணிக்கடியில் திமிறியது. துடைத்ததும் மிளகாய்ப் பழம்போல ஒரு கொண்டை நிமிர்ந்து நின்றது.

"இவன்தான்" என்றான் தம்பி.

ஆறாவது அந்த ஒற்றைக் கண் குஞ்சு. பொருக்கு அதன் கொண்டையையே தின்றிருந்தது. அதில் எழுவதற்கோ சிவப்பதற்கோ எதுவும் மிஞ்சவில்லை.

ஆவணி பிறந்தது. ஒலிபெருக்கி நின்றது. மாமியின் வகுப்பு விடியற்காலைக்குத் திரும்பியிருந்தது. நோய் முற்றிலும் தணிந்தபின் கொண்டுவரும்படி கோழிக்காரர் சொல்லியிருந்ததால், சேவலை அன்றுதான் திருவான்மியூர் கொண்டுபோவதாகத் திட்டம். ஆனால் நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முழுக் கூவல் இல்லை. பாதியில் தொண்டை அடைத்துக்கொண்ட ஒரு கரகரப்பு. மீண்டும் ஒருமுறை, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. நாங்கள் படியேறி ஓடினோம். மச்சினன் ஏற்கெனவே மேலே இருந்தான். சேவலைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். கீழே மாமியின் தம்புரா ஒலி திடீரென்று நின்றது.

"டேய், பையில போட்டுப் பின்படி வழியா எறக்கிடுடா. மாமி வந்தா காக்கான்னு சொல்லிடலாம்" என்றாள் மனைவி.

"வேணாங்க்கா."

"முழுசும் எடுத்துடுவாங்கடா."

"தெரியும். எத்தன நாளைக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் இப்படி ஓடியாறது?"

மாமி படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமி மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் துண்டை விலக்கினான்.

"இது சேவல் மாமி. போன வாரம்தான் தெரிஞ்சுது. மஞ்சப் பூசியிருந்ததால முன்னாடி தெரியல."

மாமி சேவலைப் பார்த்தார். அது அவரை ஒருக்களித்துப் பார்த்தது.

"மத்தது எல்லாம்?"

"நாலு பொட்ட. அது நிச்சயம். இந்த ஒண்ணு என்னன்னு எனக்குத் தெரியல." ஒற்றைக் கண் குஞ்சைக் காட்டினான்.

நானாக இருந்தால் ஐந்தும் பெட்டை என்று சொல்லியிருப்பேன். மனைவியும்தான். மாமி கூண்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தரை சுத்தமாக இருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கழுவியிருந்தது.

"போர்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒனக்குத் தெரியுமோல்லியோ?"

"தெரியும் மாமி."

"கமிட்டில நான் ஒருத்தி மட்டும் இல்லப்பா. ஒண்ணுக்கு நான் சமாதானம் சொல்லிப்பேன். நீயா சொன்னேங்கறதால. ரெண்டாவது கூவித்துன்னா எனக்கே வாய் வராது. அந்த நொள்ளையையும் சேத்துக் கொண்டுபோய் விட்டுடேன்."

"அது என் கையிலதான் திங்குது மாமி. பொருக்கும் இன்னும் உதிரல. யாரும் தன் கோழியோட சேக்க மாட்டாங்க."

மாமி மறுபடி சேவலைப் பார்த்தார். "இந்தத் தடியன் நாளைக்குக் காலம்பற இங்க இருக்கப்படாது. யார் கொண்டு விடப்போறா?"

"நான்தான்" என்றான்.

மாமி என்னைப் பார்த்தார். குடியிருப்பில் எல்லோருக்கும் அவனைப் பற்றித் தெரியும். நானும் கூட வருகிறேன் என்றேன்.

"வேணாம் மாமா. கோழிக்காரர் வீடு எனக்குத் தெரியும்."

காலைச் சாப்பாடு முடித்து, சேவலைப் பிரம்புக் கூடையில் வைத்து மேலே துணி கட்டிக்கொண்டு இறங்கினான். மனைவி பால்கனியிலிருந்து அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். உள்ளே வந்தபோதுதான் அவன் கைப்பேசி பின்னறையில் சார்ஜில் கிடப்பதைக் கண்டோம்.

திருவான்மியூருக்குப் பேருந்தில் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் கடந்தது. மதியச் சாப்பாட்டை மூடி வைத்தோம். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன், "நீங்க ஒரு பக்கம் தேடப் போய், அவன் வேற பக்கமா வந்தா?" என்று மனைவி தடுத்தாள். சற்று நேரத்தில் அவளே, "பெசன்ட் நகர் போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். கோழிக்காரரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. துப்புரவு அம்மா வேலை முடித்துப் போகும்போது வாசலில் நின்று, "வந்துரும்மா, கொயந்தையா அது" என்றார். மனைவி தலையாட்டினாள், காதில் வாங்கவில்லை.

நான் வண்டியைக் கிளப்பி வெளியே வந்தபோது அவன் தெருவில் வந்துகொண்டிருந்தான். சட்டை முழுக்க வியர்வை. கூடை காலி, தோளில் ஒரு தவிட்டு மூட்டை.

"எங்கடா போன?" பால்கனியிலிருந்தே கேட்டாள் மனைவி. தெருவில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சேவலோட பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாரு கண்டக்டர். நடந்துட்டேன். அடையாறு பாலத்துல ஒரு தடவ கூவிச்சு பாரு, டிராஃபிக் போலீஸ்காரர் திரும்பிப் பாத்துட்டாரு. அங்க போனா கோழிக்காரர் இல்ல, காத்திருந்து குடுத்தேன். சோறு இருக்கா?"

அவள் உள்ளே போய்த் தட்டு வைத்தாள். அவன் கேட்காமலே இரண்டாம் முறையும் சோறு போட்டாள். அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. கோழிக்காரர் வீட்டுக் கூண்டில் வலை எப்படிக் கட்டியிருக்கிறது என்று என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தான்.

அதன்பின் தீனி வாங்க அவன்தான் தனியாகப் போய்வருகிறான். மனைவி இன்னும் பால்கனிக்குப் போகிறாள், ஆனால் ஏதாவது துணியைக் காயப்போடுவதுபோலப் போகிறாள். காலையில் மாமியின் வகுப்பு தொடங்குமுன் அவன் மேலே போய் அந்த ஒற்றைக் கண் குஞ்சைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறான். கூவுவதற்கு முன்பே தொண்டை அசைவதில் தெரியுமாம்.

இதை எழுதுவது ஆவணிக் கடைசி வாரத்தில். அது இதுவரை கூவவில்லை. முட்டையிடும் வயதும் ஆகவில்லை. முதுகின் பின்பகுதி இறகுகள் கூராக வந்தால் சேவல், மழுங்கி வந்தால் பெட்டை என்பது இப்போது பார்க்கக்கூடிய ஒரே அடையாளம். மனைவிக்கு அவை மழுங்கலாகத் தெரிகின்றன. எனக்குக் கூராகத் தெரிகின்றன. நோயால் இறகு வளர்ச்சியும் பின்தங்கியிருக்கலாம். அது இரண்டில் எது என்பது உறுதிப்படவில்லை.